சால்வீனில் மிதந்து வந்த மரம்

காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்றால் முதலில் வந்து நிற்பவர் மரக்கடைக்காரர்தான். தூணைத் தட்டிப் பார்ப்பார். நிலையை நகத்தால் கீறி முகர்ந்து பார்ப்பார். "பர்மா தேக்குங்க, இனிமே இந்த மாதிரி மரம் எங்க வரப்போவுது" என்று பெருமூச்சு விட்டுவிட்டு, அடுத்த வாக்கியத்திலேயே விலையைக் குறைத்துக் கேட்பார். மரத்தின் சொந்த ஊர் பர்மா என்பதில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் சந்தேகமே கிடையாது. எனக்குக் கொஞ்சம் உண்டு. அந்தத் தூண்களில் சில சயாம் காட்டில், அதாவது இன்றைய தாய்லாந்தின் வடமேற்கு மலைகளில் நின்ற மரங்களாகவும் இருக்கலாம். மோல்மீன் துறைமுகத்தில் கப்பல் ஏறிவிட்டால் எல்லாமே பர்மா தேக்குதான்.

முதல் ஆங்கில-பர்மிய யுத்தம் 1826ல் முடிந்தபோது தெனாசெரிம் கரை ஆங்கிலேயர் கைக்குப் போனது. சால்வீன் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருந்த மோல்மீன், மரம் அறுக்கும் ஊராகவும் கப்பல் கட்டும் ஊராகவும் மாறியது. பக்கத்திலிருந்த அத்தரான் ஆற்றுக் காடுகள் ஒரு தலைமுறைகூடத் தாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் உரிமம் வாங்கி வெட்டலாம் என்று விட்டால் வேறென்ன ஆகும்? கோடாரி ஆற்றின் மேற்பக்கம் நகர்ந்தது. அங்கே கிழக்குக் கரையில் சியாங் மாய் சிற்றரசின் காடு. பாங்காக்கின் சயாம் மன்னருக்குக் கப்பம் கட்டும் அரசு அது.

தேக்கு வெட்டுவது பொறுமையான வேலை. பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் மரத்தைச் சுற்றி வளையமாகப் பட்டையையும் வெளிறையும் வைரம் தெரிகிற வரை செதுக்கி, நின்ற நிலையிலேயே காயவிட்டுவிடுவார்கள். இரண்டு மூன்று வருஷம் அது அப்படியே செத்து நிற்கும். பிறகுதான் வெட்டு. யானைகள் கட்டையை ஓடைப்படுகைக்கு இழுத்துப் போடும். மழை வந்து வெள்ளம் புரண்டால் கட்டை நகரும். மழை பொய்த்தால் அடுத்த வருஷம். சால்வீனில் பாறையும் சுழலும் அதிகம். தெப்பம் கட்டி ஓட்ட முடியாது, ஒற்றை ஒற்றைக் கட்டையாகத்தான் விடவேண்டும். கீழே ஆற்றின் குறுக்கே பெரிய வடம் கட்டிக் கட்டைகளைப் பிடித்து, தெப்பமாகக் கட்டி மோல்மீனுக்கு ஓட்டுவார்கள். எந்தக் கட்டை யாருடையது என்பதற்குச் சுத்தியலால் அடித்த முத்திரைதான் சாட்சி.

முத்திரையை அழித்து வேறு முத்திரை அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? வழக்குகள் அங்கிருந்துதான் கிளம்பின. போதாக்குறைக்கு, சியாங் மாய் பிரபுக்கள் ஒரே காட்டை இரண்டு மூன்று பேருக்குக் குத்தகைக்கு விட்டார்கள். குத்தகை எடுத்தவர்களில் பலர் பர்மியர், ஷான். கீழ் பர்மா ஆங்கிலேயர் வசம் போயிருந்ததால் அவர்கள் ஆங்கிலக் குடிகள். வழக்கு பாங்காக்கில் இருந்த ஆங்கிலத் தூதரகத்துக்குப் போனது. 1874லும் 1883லும் சியாங் மாய் எல்லைக்காகவே இரண்டு ஒப்பந்தங்கள் போடப்பட்டன. இந்தச் சண்டையைச் சாக்காக வைத்து பாங்காக் தன் ஆணையர்களை வடக்கே அனுப்பியது. 1896ல் சயாமில் அரச வனத்துறை தொடங்கியபோது அதன் முதல் தலைவர் பர்மா வனத்துறையிலிருந்து வந்த ஹெர்பர்ட் ஸ்லேட் என்ற ஆங்கிலேயர். காடு பிரபுக்களின் கையைவிட்டுப் போனது, காட்டோடு அதிகாரமும் போனது. கட்டை இழுத்த கூலிகளில் லாவோஸிலிருந்து வந்த க்மு மக்கள் நிறைய. எந்த ஒப்பந்தத்திலும் அவர்களைப் பற்றி ஒரு வரியை எதிர்பார்க்க முடியாது.

இதே ஆண்டுகளில் பர்மாவுக்கு நடந்தது இன்னும் மோசம். 1863ல் தொடங்கிய பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன், மன்னர் திபோவின் நிங்யான் காடுகளில் குத்தகை எடுத்திருந்தது. வெட்டிய மரத்தைக் குறைத்துக் காட்டி ஏமாற்றியதாக 1885ல் மண்டலே அரசவை சுமார் 23 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அக்டோபரில் ஆங்கிலேயரின் இறுதி எச்சரிக்கை, நவம்பர் நடுவில் படையெடுப்பு, மாதம் முடிவதற்குள் மன்னர் கைதி. பிரெஞ்சுக்காரர்கள் உள்ளே வந்துவிடுவார்களோ என்ற பயம்தான் பெரிய காரணம் என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் உண்டு, சரியாகவே இருக்கட்டும். ஆனால் சாக்கு என்னமோ தேக்குதான். திபோவை முதலில் கொண்டுவந்து வைத்தது நம் மதராஸில். பிறகு ரத்னகிரிக்கு அனுப்பினார்கள். 1916ல் அங்கேயே செத்துப்போனார்.

ஆக, ஒரே மரத்துக்காக ஆற்றின் இரு கரையிலும் இரண்டு அரசுகள் காணாமல் போயின.

இதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டைத் தாண்டிக் குதிக்கிறேன். 1961ல் தாய்லாந்தின் பாதிக்கு மேல் காடு. 1988ல் அது 28 சதவீதம் என்று அந்த நாட்டு அரசே கணக்குக் காட்டியது. அந்த வருஷம் நவம்பரில் தெற்கே நகோன் சி தம்மராட் பகுதியில் பெருமழை. மொட்டையான மலைச்சரிவுகள் சேறும் வெட்டிய கட்டைகளுமாகக் கிராமங்கள் மேல் இறங்கின. நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். நாடு கொதித்தது. 1989 ஜனவரியில் சாட்சாய் அரசு இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதற்கு முற்றாகத் தடை போட்டது. நல்ல சட்டம்தான், இன்றைக்கும் அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் தேதிகளைக் கவனியுங்கள். தடைக்கு ஒரு மாதம் முன்பு, 1988 டிசம்பரில், தாய்லாந்து ராணுவத் தளபதி சவாலித் ரங்கூனுக்குப் போய்வந்தார். அங்கே அந்த ஆகஸ்டிலும் செப்டம்பரிலும்தான் தெருவில் இறங்கிய மக்களை ராணுவம் சுட்டுத் தள்ளியிருந்தது. மேற்கு நாடுகள் உதவியை நிறுத்திவிட்டன, கஜானாவில் அந்நியச் செலாவணி கிடையாது. அடுத்த சில மாதங்களில் எல்லையோரக் காடுகள் தாய் கம்பெனிகளுக்குக் குத்தகையாகப் போயின. நூறு வருஷம் முன்னால் சயாம் மரம் மேற்கே மோல்மீனுக்கு மிதந்தது. இப்போது பர்மா மரம் கிழக்கே லாரியில் ஏறியது.

அந்த எல்லையோரம் யாருடையது என்பதுதான் கொடுமையான கேள்வி. 1949லிருந்து ரங்கூனோடு போரிட்டுவந்த கரேன் மக்களின் இயக்கம் அங்கேதான் இருந்தது. எல்லை தாண்டும் சரக்குக்கு வரி வாங்கித்தான் பிழைத்தது. தேக்கும் அதில் உண்டு, அவர்களும் வெட்டி விற்றவர்கள்தான், மறைப்பதற்கில்லை. தாய் கம்பெனி ரங்கூனுக்கும் பணம் கட்டும், கரேனுக்கும் கட்டும். கம்பெனி போட்ட லாரிப் பாதையில் கட்டை கிழக்கே போனது. எதிர்த்திசையில் வருபவர்களையும் அந்தப் பாதை தடுக்கவில்லை. 1993 முடிவில் ரங்கூன் குத்தகைகளை நிறுத்திக்கொண்டது. 1995 ஜனவரியில் கரேன் தலைமையகமான மானர்ப்லா வீழ்ந்தது. வீழ்ச்சிக்கு இயக்கத்தின் உட்பிளவு முக்கியக் காரணம், மரத்தின் மேல் மட்டும் பழி போட்டால் தப்பு. ஆனாலும் தெற்கே ஒரு தாய் கிராமத்தைச் சேற்றிலிருந்து காக்க வந்த சட்டத்துக்கு, வடமேற்கே வேறு நாட்டுக் கிராமம் ஒன்று தன் மறைவிடத்தைக் கொடுத்தது. அந்தக் கிராமத்துக்காரர்கள் பலரும் அகதிகளாக வந்து ஒதுங்கியது தாய்லாந்தில்தான்.

சீனாவிலும் இதே கதை. 1998ல் யாங்சி வெள்ளம், உடனே வெட்டுத் தடை, அடுத்து யுன்னான் எல்லைக்கு அப்பாலுள்ள கச்சின் காடுகள். 2015 ஜனவரியில் கச்சினில் 155 சீன மரவெட்டிகள் பிடிபட்டார்கள். ஜூலையில் 153 பேருக்கு ஆயுள் தண்டனை. அதே மாதக் கடைசியில் பொதுமன்னிப்பு! மரவெட்டிகளுக்கு மனைவி மக்கள் உண்டு, விட்டது நல்லதுதான். மரம் வாங்கிய முதலாளிகளைத்தான் கூண்டில் காணோம்.

நாம் மட்டும் என்ன? 1995ல் நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்க் காடு அழிவதைப் பொறுக்காமல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12ல் வந்த உத்தரவு நாடு முழுக்க வரம்பில்லாத வெட்டை நிறுத்தியது. நீலகிரியில் இன்று மிச்சமிருக்கும் காட்டுக்கு அந்த வழக்குக்கு நன்றி சொல்லவேண்டும். நாம் நிலை வைப்பதையும் கட்டில் செய்வதையும் நிறுத்தினோமா? இல்லை. கண்ட்லாவிலும் தூத்துக்குடியிலும் வெளிநாட்டுக் கட்டைகள் இறங்கின. 2014 ஏப்ரல் 1ல் மியான்மர் அறுக்காத கட்டை ஏற்றுமதியைத் தடை செய்யும்வரை, அதன் தேக்குக்குப் பெரிய வாடிக்கையாளர்களில் இந்தியாவும் ஒன்று. 2021ல் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தபின் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் அரசு மர நிறுவனத்தின் மேல் தடை விதித்தன. இந்தியா அப்படி எதுவும் விதிக்கவில்லை.

இப்போது மரக்கடையில் ஈக்வடார், பனாமா, கானா என்று தோட்டத் தேக்கு அடுக்கியிருக்கிறார்கள். வளையம் அகலமாக, நிறம் வெளிறி இருக்கும். ஆசாரிக்குப் பிடிக்காது, "இளசுங்க" என்று ஒதுக்குவார். பர்மா தேக்குதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், கடைக்காரர் பின்பக்கம் கூட்டிப்போய் ஆணி பிடுங்கிய தழும்போடு கிடக்கும் பழைய வீட்டு உத்திரத்தைக் காட்டுகிறார்.