4.46-ஐ எப்படி முழுசாக்குவது?

இன்னைக்கு ஒரு வகுத்தல் கணக்கோட ஆரம்பிக்கிறேன். பேப்பர், பேனா பக்கத்துல இருந்தா நீங்களும் போட்டுப் பாருங்க.

2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 6,24,05,679. சட்டமன்றத் தொகுதிகள் 234. வகுத்தால், ஒரு எம்.எல்.ஏ.வுக்குச் சராசரியா 2,66,691 பேர். ஒரு மாவட்டத்துக்கு எத்தனை தொகுதி என்று மறுவரையறை ஆணையம் பார்த்தது இந்தச் சராசரியை வச்சுத்தான்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். பெரம்பலூரில் 4,93,646 பேர், வகுத்தா 1.85, முழுசாக்கினா 2. அரியலூரில் 6,95,524 பேர், வகுத்தா 2.61, முழுசாக்கினா 3. மொத்தம் 5 வரணும். 2006 தேர்தலில் 5 இருந்தது: பெரம்பலூர், வரகூர், அரியலூர், ஆண்டிமடம், ஜெயங்கொண்டம். 2011-ல் இருந்தது 4. வரகூரும் ஆண்டிமடமும் போய், குன்னம் புதுசா வந்தது.

அந்த ஒண்ணு எங்கே போச்சு?

அரியலூர் 2001 ஜனவரியில் தனி மாவட்டம் ஆனது. 2002-ல் திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்தாங்க. 2007 நவம்பரில் மறுபடியும் பிரிச்சாங்க. ஆணையம் வேலை செய்தது இதுக்கு நடுவில், இரண்டும் ஒரே மாவட்டமா இருந்தப்போ. சேர்த்தா 11,89,170 பேர். வகுத்தா 4.46. அரைக்குக் கீழே, அதனால 4.

சரி, 4 தானே நியாயம்னு நானும் நினைச்சேன். அப்புறம் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். 4 தொகுதின்னா, ஒரு எம்.எல்.ஏ.வுக்குச் சுமார் 2,97,300 பேர்; சராசரியைவிட 30,600 அதிகம். 5 தொகுதின்னா 2,37,834 பேர். சராசரியைவிட 28,857 குறைவு. இந்த அளவுகோல்படி 5 தான் சராசரிக்குக் கிட்ட! ஒரே மக்கள், ஒரே எண்கள், இரண்டு விடை.

இது பழைய சண்டை. 1792-ல் அமெரிக்க அதிபர் வாஷிங்டன் தன் முதல் வீட்டோவைப் பயன்படுத்தியதே இப்படியொரு பங்கீட்டு மசோதாமேலதான்.

நமக்கு அநியாயம் நடந்துச்சுன்னு நான் சொல்லலை. 234 மாறாது, இங்கே ஒண்ணு கூடியிருந்தா வேறெங்கோ ஒண்ணு குறைஞ்சிருக்கும். ஆனா அந்தக் கணக்கோட தடம் இன்னும் இருக்கு. செந்துறைப் பக்கத்துக் கிராமங்கள் இருப்பது அரியலூர் மாவட்டம். அவற்றில் பலவும் ஓட்டுப் போடுவது பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னம் தொகுதியில்.

அடுத்த மறுவரையறை வரும்போது, எத்தனை தொகுதின்னு கேட்டதோட நிறுத்திடாதீங்க. எந்தக் கோட்டுக்குள்ள வச்சு வகுத்தாங்க, மிச்சத்தை எப்படி முழுசாக்கினாங்கன்னும் கேளுங்க.