வழியும் வெளியும்

கதை சொல்பவர் ஒருவர், கேட்பவர் பலர். கதையின் போக்கைச் சொல்பவரே வகுப்பார். கேட்பவர் அதன்பின் செல்வர். நெடுங்காலமாக நிலவிவந்த இவ்வொழுங்கை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றிய விளையாட்டு ஒன்று மாற்றியமைத்தது. கேட்பவரே கதைமாந்தராகி நடக்கும் அவ்விளையாட்டைப் பாத்திரமேற்கும் ஆட்டம் என்பர். கணினித் திரையிலும் தொலைக்காட்சித் திரையிலும் அது வளர்ந்த வரலாறு ஒரு வினாவைச் சுற்றியே அமைந்துள்ளது. ஆடுபவரைப் படைப்பாளர் வகுத்த ஒரே வழியில் நடத்திச் செல்வதா? பரந்த வெளியில் விட்டு, அவரே தேடிக் கண்டடையுமாறு செய்வதா?

இவ்வகை ஆட்டம் தாளும் எழுதுகோலும் பகடையும் பரப்பிய மேசையில் பிறந்தது. 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் படைத்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. ஆட்டத் தலைவர் ஒருவர் களத்தை விவரிப்பார்; மற்றவர்கள் வீரராகவும் மந்திரவாதியாகவும் பாத்திரமேற்பர். வலப்புறம் செல்வர் என்று தலைவர் எதிர்பார்த்திருக்க, ஆடுவோர் இடப்புறம் திரும்பினாலும் ஆட்டம் நின்றுவிடாது. அக்கணமே அவர் புதியதோர் ஊரையோ காட்டையோ புனைந்துரைப்பார். மனித மனம் ஒன்று எதிரே அமர்ந்திருந்தமையால், வழிக்கும் வெளிக்கும் இடையே பெரும் பிணக்கு எழவில்லை.

கணினிக்கு அத்தகைய மனம் இல்லை. அதனுள் எழுதிவைக்கப்பட்டதையே அது காட்டும். எனவே, எதை எழுதிவைப்பது என்பது படைப்பாளரின் முதற்கவலை ஆயிற்று. 1981ஆம் ஆண்டு ரிச்சர்ட் கேரியட் 'அல்டிமா'வில் நிலமும் கடலும் ஊர்களும் கொண்ட உலகொன்றை விரித்துக் காட்டினார். அதே ஆண்டில் ஆண்ட்ரூ கிரீன்பர்க்கும் ராபர்ட் வுட்ஹெட்டும் 'விசார்ட்ரி'யில் பத்து அடுக்குகள் கொண்ட நிலவறைச் சுழல்வழியை அமைத்தனர். ஆடுவோர் கட்டமிட்ட தாளில் ஒவ்வோர் அடியையும் வரைந்துகொண்டு அதனுள் முன்னேறினர். இரண்டிலும் கதை சிறிது; தேடலே பெரிது.

இவ்விரண்டையும் விரும்பி ஆடிய ஜப்பானியர் யூஜி ஹோரி, 1986ஆம் ஆண்டு 'டிராகன் குவெஸ்ட்' என்னும் ஆட்டத்தைப் படைத்தார். எனிக்ஸ் நிறுவனம் அதனை வெளியிட்டது. வெறும் 64 கிலோபைட் அளவே கொண்ட அப்பெட்டியில் ஹோரி காட்டிய நுட்பம் வியக்கத்தக்கது. ஆட்டம் தொடங்கும்போது வீரன் அரசவையில் நிற்கிறான்; கதவு பூட்டிக் கிடக்கிறது. அங்குள்ள பேழையைத் திறந்து சாவியை எடுத்தாலன்றி வெளியேற இயலாது. பேசுதல், தேடுதல், திறத்தல் ஆகியவற்றை இதுவரை இத்தகைய ஆட்டத்தையே கண்டிராதவரும் அவ்வோர் அறைக்குள் கற்றுக்கொள்கிறார். கதவைக் கடந்ததும் உலகம் திறந்து கிடக்கிறது.

அரண்மனைக்கு வெளியே வந்ததும் நீருக்கு அப்பால் பகைவனின் கோட்டை தெரிகிறது. கண்ணுக்கு எட்டும் அவ்விடத்தைக் காலால் எட்டுதற்கு நெடும்பயணம் தேவைப்படுகிறது. பாலங்களைக் கடக்குந்தோறும் வலிய விலங்குகள் எதிர்ப்படுகின்றன. வேலியேதும் இல்லை, இடரே எல்லையாகிறது. தோற்று வீழ்ந்தவன் அரசன் முன் மீண்டும் எழுகிறான். கையிருப்பில் பாதிப் பொன் போகும். ஈட்டிய பட்டறிவு போகாது. ஆதலின், அஞ்சாது அடுத்த பாலத்தையும் கடந்து பார்க்கலாம் என்னும் துணிவு பிறக்கிறது.

அடுத்த ஆண்டே ஹிரோனொபு சகாகுச்சியின் 'ஃபைனல் ஃபேண்டசி' வெளிவந்தது. அவ்வரிசையில் ஆட்டத்துக்கு ஆட்டம் கதை செறிவடைந்தது. கதை செறிய வேண்டுமாயின் நிகழ்ச்சிகள் முறையாக அடுக்கப்பட வேண்டும். முறை வேண்டுமாயின் வழி ஒன்றாக வேண்டும். 1994ஆம் ஆண்டு வெளிவந்த ஆறாம் ஆட்டம் இதற்கு ஓர் அரிய தீர்வு கண்டது. முதற்பாதியில் ஆடுபவர் பெரும்பாலும் ஒரே வழியில் நடத்தப்படுகிறார். தோழர் ஒவ்வொருவரின் துயரையும் அறிகிறார். பின்னர் பகைவன் உலகையே பாழாக்க, தோழர்கள் திசைக்கொருவராய்ச் சிதறுகின்றனர். செலஸ் என்னும் பெண் தனித்தீவொன்றில் கண்விழிக்கிறாள். பறக்கும் கப்பல் கைக்கு வந்தபின் எத்திசையிலும் செல்லலாம். மூவர் மட்டும் சேர்ந்தாலே இறுதிப் போருக்குப் புறப்படலாம். ஏனையோரைத் தேடுமாறு எவரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆயினும் மனம் தேடச் சொல்கிறது. ஒரே வழியில் உடன் நடந்து வளர்ந்த நட்பு, திறந்த வெளியில் சோதிக்கப்படுகிறது.

மேலை நாட்டிலோ வெளியை விரிக்கும் வேட்கை மிகுந்தது. பெதஸ்டா நிறுவனத்தின் 'டாகர்ஃபால்', 1996ஆம் ஆண்டு, கணினியே கணக்கிட்டு உருவாக்கிய ஆயிரக்கணக்கான இடங்களைக் கொண்டு வந்தது. பரப்பு பெரிது, ஆனால் ஓர் ஊர் மற்றோர் ஊரைப் போலவே இருந்தது. அந்நிறுவனமே 2002ஆம் ஆண்டு 'மாரோவிண்ட்' ஆட்டத்தில் பரப்பைப் பெரிதும் சுருக்கி, ஒரு தீவைக் கையால் வடித்தது. ஊரார் வாய்மொழியாகச் சொல்லும் அடையாளங்களை நினைவிற்கொண்டு ஆடுபவர் வழிதேட வேண்டும். 2006ஆம் ஆண்டின் 'ஒப்லிவியன்' செல்லுமிடத்தைக் குறிமுள்ளால் காட்டத் தொடங்கியது. தவறும் துன்பம் நீங்கியது. அதனுடன் சுற்றுமுற்றும் பார்க்கும் பழக்கமும் குறைந்தது. குறியை மட்டும் நோக்கி நடப்பவருக்குத் திறந்த வெளியும் ஒரு நேர்கோடாகவே ஆகிவிடுகிறது.

2009ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த பதின்மூன்றாம் 'ஃபைனல் ஃபேண்டசி' மறுமுனையில் நின்றது. முதற்பத்து இயல்களிலும் பாதை பெரும்பாலும் குறுகலானது. பதினோராம் இயலில்தான் அகன்ற சமவெளி வருகிறது. நீண்ட தாழ்வாரத்தில் நடப்பது போன்றது என்று பலர் குறைகூறினர். அரசால் துரத்தப்படும் மாந்தரின் கதைக்குக் குறுகிய வழியே பொருந்தும் எனக் கூறுவாரும் உளர். அதில் உண்மை உண்டு. எனினும், கையைப் பற்றியவர் விடவேண்டிய வேளையில் விடவில்லை என்னும் மனக்குறை ஆடியவர் பலரிடம் எஞ்சியது.

2017ஆம் ஆண்டு நிண்டெண்டோ வெளியிட்ட 'பிரெத் ஆஃப் த வைல்ட்', பாத்திரமேற்கும் ஆட்டங்களுக்கு நெருங்கிய உறவினது. அதன் வீரன் முதலில் மேட்டுநிலம் ஒன்றைவிட்டு இறங்க இயலாது. அங்கே வேண்டுவன கற்றபின், காற்றில் மிதந்து இறங்கும் கருவி கிடைக்கிறது. பிறகு உலகம் முழுவதும் அவனுடையது. பகைவன் உறையும் அரண்மனையோ தொடக்கத்திலேயே தொலைவில் தெரிகிறது. ஹோரியின் பூட்டிய அறையும் நீருக்கு அப்பாலுள்ள கோட்டையும் 31 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் உருப்பெற்றன எனலாம்.

வழி உயர்ந்ததா, வெளி உயர்ந்ததா என்னும் வழக்கு இன்றும் ஓயவில்லை. வழியின்றி வெளியில் விடப்பட்டவர் எதைத் தேடுவது என்றறியாது அலைவார். வெளியே காணாது நடத்தப்பட்டவர் இலக்கை அடைந்தாலும், அவ்வெற்றியைத் தம்முடையது என்று கொள்ளார். எதுவரை கைப்பிடித்து நடத்துவது, எவ்விடத்தில் கையை விடுவது என்பதை அறிந்தவரே இவ்வரலாற்றில் நிலைத்து நிற்கின்றனர். கற்பிப்போர்க்கும் இது புதிய வினா அன்று. வகுப்பறையில் நாள்தோறும் விடை காணவேண்டிய வினாவே ஆகும்.