ஸோர்ன் வண்ணத்தட்டு

வெள்ளை, மஞ்சள் காவி, சாதிலிங்கச் சிவப்பு, கருப்பு ஆகிய நான்கே வண்ணங்களைக் கொண்டு எண்ணெய் வண்ணத்தில் உருவப்படம் தீட்டும் முறை. சுவீடனில் மோரா என்னும் ஊரில் பிறந்த ஓவியர் ஆண்டர்ஸ் ஸோர்ன் (1860–1920) பெயரால் வழங்குகிறது.

முறை அவரைவிட மிகப் பழையது. அலெக்சாந்தரின் ஓவியரான அப்பெல்லஸ் முதலிய கிரேக்கர்கள் இந்த நான்கு நிறங்களுக்குள்ளேயே தம் பெரும் படைப்புகளை முடித்தார்கள் என்று கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினி எழுதினார். மக்கெதோனியக் கல்லறை ஓவியங்களில் நீலம் தாராளமாகவே இருப்பதால், அவர் கூற்றை அப்படியே ஏற்பதற்கில்லை. பிற்காலத்தில் ரெம்பிராண்ட் தீட்டிய முகங்களும் பெரும்பாலும் மண்நிறங்களால் ஆனவையே.

ஸோர்ன் முதலில் நீர்வண்ண ஓவியராகத்தான் பெயர் பெற்றார். இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் கடற்கரையில் தங்கியிருந்தபோது எண்ணெய் வண்ணத்துக்கு மாறினார். 1888இல் அங்கே தீட்டிய மீனவர் படத்தைப் பிரெஞ்சு அரசு வாங்கியது. பின்னர் அமெரிக்க அதிபர்கள் கிளீவ்லாந்து, டாஃப்ட் ஆகியோரையும் தீட்டினார். 1896இல் வரைந்த தன்னுருவப் படத்தில் அவர் கையிலுள்ள தட்டில் இந்த நான்கு வண்ணங்களே தெரிகின்றன. முறைக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டதற்கு இப்படமே முக்கியக் காரணம்.

நீலம் இல்லாமல் முகம் எப்படி அமைகிறது என்பதில்தான் இதன் நுட்பம் இருக்கிறது. எலும்புக்கரியிலிருந்து வரும் கருப்பு இயல்பிலேயே சற்று நீலம் சாய்ந்தது. அதில் வெள்ளை சேர்த்தால் குளிர்ந்த சாம்பல் கிடைக்கும். சிவப்பும் காவியும் வெள்ளையும் கலந்த கன்னத்துக்கு அருகே, சவரம் செய்த தாடையிலோ நெற்றிப் பொட்டிலோ அதை வைத்தால் கண் அதை நீலமாகவே எடுத்துக்கொள்கிறது. கருப்பும் காவியும் சேர்ந்தால் மங்கிய பச்சை. கழுத்து நிழலுக்கு அது போதும். எல்லாக் கலவைகளும் இந்த நான்கிலிருந்தே பிறப்பதால் படத்தின் நிறங்கள் தாமாகவே இசைந்து நிற்கும். பளிச்சென்ற பச்சையும் ஊதாவும் மட்டும் கைக்கு எட்டா.

ஸோர்ன் இதை விதியாகக் கொண்டவர் அல்லர். அவர் விட்டுச்சென்ற வண்ணக் குழாய்களில் கோபால்ட் நீலமும் உண்டு. 1897இல் தீட்டிய ‘நடுக்கோடை நடனம்’ படத்தின் புல்வெளியைப் பார்த்தாலே இது விளங்கும்.

சாதிலிங்கம் பாதரசச் சேர்மம். வெள்ளையோ ஈயத்தால் ஆனது. இரண்டும் நஞ்சு. ஆகவே இன்றைய ஓவியர்கள் பெரும்பாலும் காட்மியம் சிவப்பையும் டைட்டானியம் வெள்ளையையும் பயன்படுத்துகிறார்கள். டைட்டானியம் ஈயவெள்ளையைவிட வீரியம் மிக்கது. சற்றுக் கூடினாலும் தோல்நிறம் வெளிறிவிடும் என்பதால் குறைவாகவே சேர்க்கப்படுகிறது.