ஐப்பசியில் காசு யாரிடம் இருந்தது?

கரிசல் காட்டுக்குத் தீபாவளி பொருந்தாத மாதத்தில் வருகிறது. புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும்தான் எங்கள் பக்கம் விதைப்பு. பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசி எல்லாம் வடகிழக்குப் பருவமழையை நம்பி அப்போதுதான் மண்ணுக்குள் போகும். வீட்டில் மிஞ்சியிருந்த காசு விதைக்கும் ஏருக்கும் கூலிக்கும் கரைந்திருக்கும். பருத்தி வெடித்து வீடு வந்து சேர மாசி, பங்குனி ஆகிவிடும். சித்திரையில்தான் விவசாயியான சம்சாரியின் மடியில் நாலு காசு தங்கும். ஊரே புதுத்துணி உடுத்தவேண்டிய நாளோ, எல்லாரும் வெறுங்கையோடு மேகத்தைப் பார்த்து நிற்கும் மாதத்தில் வந்துவிடும்.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கழுகுமலை, சாத்தூர் என்று விரியும் இந்த மானாவாரிப் பூமியின் கடைத்தெரு வரலாற்றை இங்கிருந்துதான் தொடங்கவேண்டும். நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்தியவன். என் அம்மா தீப்பெட்டி ஒட்டினாள். பணக்காரர்கள் சாமான் வாங்குவதை ஓரமாக நின்று பார்த்த ஏக்கமும் வியப்பும் எங்கள் தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். அந்த ஏக்கத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. யாரும் எழுதாமல் கிடக்கும் வரலாறு அது.

முதலில், பழைய நாளில் பார்ப்பதற்கே ஒன்றும் இருக்கவில்லை. பெரிய வீட்டுக்காரர்கள் கடைக்குப் போகமாட்டார்கள். கடை அவர்களைத் தேடி வரும். ஜவுளி மூட்டையைத் தலையில் சுமந்து வந்த வியாபாரி திண்ணையில் அவிழ்த்துப் பரப்புவார். ஆசாரி வீட்டு முற்றத்தில் குமுட்டி அடுப்பை வைத்து, வீட்டுக்காரர் கண்முன்னாலேயே பொன்னை உருக்கி நகை செய்வார். தையற்காரரும் வீட்டுக்கே வந்து அளவெடுப்பார். வாங்குவது எல்லாம் சுவருக்குள் நடந்து முடிந்துவிடும். ஊர்ச்சனத்தின் கண்ணில் படுவது கல்யாணத்தன்றும் திருவிழாவன்றும் உடம்பில் ஏறிய பட்டும் பொன்னும்தான்.

மற்றவர்களுக்குக் காசே அபூர்வம். ஊர்க் கடையில் தானியத்தைக் கொடுத்துப் பண்டம் வாங்கினார்கள். பருத்தி எடுக்கப் போனவர்களுக்குக் கூலியாகப் பருத்தியே கிடைத்தது. பிள்ளைகள் வீட்டுக் குவியலிலிருந்து ஒரு கை பருத்தியை அள்ளிக்கொண்டு ஓடி, கடையில் போட்டு, சேவோ கருப்பட்டி மிட்டாயோ வாங்கித் தின்றார்கள். பருத்திதான் எங்கள் நாணயம்.

அந்தப் பருத்திக்கு உலக விலை வந்தது 1861க்குப் பிறகு. அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டதும் இங்கிலாந்து ஆலைகளுக்கு அங்கிருந்து வந்த பஞ்சு நின்றுபோயிற்று. திருநெல்வேலிச் சீமைப் பஞ்சு தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறியது. போர் முடிந்து விலை இறங்கினாலும் வியாபாரம் நிலைத்துவிட்டது. 1876வாக்கில் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் ஓடியது. தண்டவாளம் கோவில்பட்டி வழியாகப் போனதால், ஜமீன் அரண்மனை இருந்த எட்டயபுரத்தை விட்டுக் கடைகள் கோவில்பட்டிக்கு நகர்ந்தன. 1901இல் இங்கே பருத்தி ஆராய்ச்சிப் பண்ணை வந்தது. ஜின்னிங் ஆலைகளும் நூற்பாலைகளும் எழுந்தன. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு அரண்மனையின் வரவு நின்றது. நூறு ஏக்கர், இருநூறு ஏக்கர் வைத்திருந்த பெரிய சம்சாரிகளும் பஞ்சு வியாபாரிகளும்தான் கடைத்தெருவின் புதிய ராஜாக்கள்.

வாங்கக் காசு இருந்தாலும் வாங்க உரிமை இல்லாதவர்கள் இருந்தார்கள் என்பதை இங்கே சொல்லாமல் போகமுடியாது. எங்களுக்குத் தெற்கே திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை உடுத்தும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடி, 1859இல்தான் அரசாணை பெற்றார்கள். எங்களுக்குக் கிழக்கே ராமநாதபுரம் மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். பொன், வெள்ளி நகை போடக்கூடாது. ஆண்கள் சட்டையோ பனியனோ அணியக்கூடாது. பெண்கள் மாராப்புப் போடக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. அடுத்த ஆண்டு அந்த எட்டு பதினொன்றாயிற்று. சாத்தூரும் சிவகாசியும் அன்றைக்கு அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. தடைப்பட்டியலை ஜவுளிக்கடைக்காரரின் கண்ணால் படித்துப் பாருங்கள். அவர் கடையில் இருந்த சரக்கில் முக்கால்வாசி அந்தப் பட்டியலில் இருக்கிறது. சேரிக்காரர் ஒருவர் காசைச் சேர்த்து மகளுக்கு ஒரு தாவணி வாங்குவது அன்றைக்கு உயிரைப் பணயம் வைக்கிற காரியம்.

ஏக்கம் கெட்ட குணம் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அடுத்தவர் உடுத்தியதைப் பார்த்து, ‘இது எனக்கு ஏன் இல்லை?’ என்று ஒரு பெண் மனசுக்குள் கேட்ட கேள்விதான் அந்தத் தடைகளை உடைத்தது. கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் மேல்தான் தடை போடவேண்டியிருந்தது.

எழுபதுகளில் தீபாவளியை ஒட்டிய பள்ளி லீவு நாட்களில் கோவில்பட்டி ஜவுளிக்கடை ஒன்றில் எடுபிடி வேலை பார்த்தேன். ஜமுக்காளம் விரித்த மேடை. முதலாளியின் கையருகே கல்லாப்பெட்டி. வாசலில் செருப்புகளின் குவியல். கார் வந்து நின்றால் முதலாளி எழுந்துவிடுவார். மேடையில் இருப்பவர்களை நகர்த்தி இடம் பண்ணுவார். காற்றாடி அந்தப் பக்கம் திரும்பும். எனக்கு ஒரு சைகை. நான் ஓடிப்போய்க் கலர் வாங்கி வருவேன்.

அந்த வீட்டு அம்மாள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, “அண்ணாச்சி, அந்த அரக்கை எடுத்துப் போடுங்க” என்பார். பிறகு மாம்பழக் கலர், மயில்கழுத்து, வெங்காயச் சருகு. சேலைகள் பிரிந்து பிரிந்து விழும். அவர் கரையைத் திருப்பி உள்பக்கத்து ஜரிகையைப் பார்ப்பார். முந்தானையை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய்ப் பார்ப்பார். வேண்டாம் என்று தள்ளுவார். தள்ளுவதில் ஒரு கூச்சமும் இருக்காது. அரைநாள் போகும். விலை என்ன என்று ஒரு தடவைகூடக் கேட்கமாட்டார்.

அதே கடையில் எங்கள் தெருப் பெண்கள் வந்தால் படியிலேயே நின்று, கைநீட்டிக் காட்டி, “அது என்ன வெல அண்ணாச்சி?” என்பார்கள். விலையைத்தான் முதலில் கேட்கவேண்டும். பிரிக்கச் சொல்லமாட்டார்கள், பிரித்துவிட்டு வாங்காமல் போனால் என்ன சொல்வார்களோ என்ற பயம். இரண்டு பேரையும் ஒரே நாளில் பார்த்த எனக்கு வியப்பாக இருந்தது பட்டல்ல, அந்த அம்மாளின் நிதானம்.

இன்னொன்று அதைவிடப் பெரிய வியப்பு. சேலைகளைக் கட்டிக் கார் வரைக்கும் கொண்டுபோய் வைத்தபிறகு காசு கைமாறவில்லை. “கணக்கில எழுதிக்கோங்க” என்றார் கூட வந்த பெரியவர். முதலாளி சிரித்துக்கொண்டே பேரேட்டைத் திறந்தார். பெரியவரின் பணம் கொட்டடியில் பருத்தியாகக் கிடந்தது. விலை ஏறட்டும் என்று வைத்திருந்தார். விற்றபிறகு, சித்திரையிலோ வைகாசியிலோ, வட்டி இல்லாமல் கணக்குத் தீரும். ஐப்பசியில் கையில் காசில்லாதவர்கள் நாங்கள் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவர்களிடமும் காசு இல்லை. பேர் இருந்தது. பேர் போதுமானதாக இருந்தது.

என் அம்மாவும் கடனுக்குத்தான் துணி எடுத்தாள். தவணைக்காரர் சைக்கிளில் மூட்டையோடு வருவார். கடையில் இருப்பதைவிட விலை கூட. ஒரு சிட்டையில் தொகையை எழுதிக் கொடுப்பார். வாராவாரம் சனிக்கிழமை தீப்பெட்டிக் கூலி கைக்கு வந்ததும் வாசலில் வந்து நிற்பார். கட்டினால் சிட்டையில் ஒரு கோடு. ஒரு வாரம் தவறினால் தெருவே கேட்கிற மாதிரிப் பேச்சு. இரண்டுமே கடன். ஒன்று மரியாதையோடு வந்தது, மற்றது சந்தேகத்தோடு வந்தது. சந்தேகத்துக்கு விலையும் அதிகம்.

இந்த மண்ணின் பிள்ளைகளுடைய ஏக்கத்தை எழுதியவர் கு. அழகிரிசாமி. கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் 1923இல் பிறந்தவர், எழுத்தாளர் கி. ராஜநாராயணனுக்கும் அதே ஊர், அதே ஆண்டு. ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையில் தீபாவளி வருகிறது. பணக்காரப் பையன் தன்னிடம் இருப்பதைச் சொல்லிப் பெருமையடிக்க, ஏழைவீட்டுப் பிள்ளைகள் ஈடுகொடுக்க முயல்கிறார்கள். அவர்களின் வீட்டுக்கு ஒரு அநாதைச் சிறுவன் வந்து சேர, இருப்பதில் அவனுக்கும் துணி கிடைக்கிறது. கதையைப் படிக்கிற வெளியூர்க்காரர்கள் அந்தத் தாயின் கருணையைப் பார்ப்பார்கள். கரிசல்காரர்கள் மாதத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அது ஐப்பசி. அந்த வீட்டில் பருத்தி வர இன்னும் நாலைந்து மாதம் இருக்கிறது.

அந்த மாதத்தின் கணக்கை மாற்றியது ஆலையும் தீப்பெட்டியும். சிவகாசியிலிருந்து 1922இல் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் தொடங்கிவைத்த தொழில், சாத்தூர், கோவில்பட்டி என்று பரவியது. மழை குறைந்த பூமி அதற்குத் தோதான பூமி. குச்சியும் பெட்டியும் காய வெயில் வேண்டும். பெண்கள் மயில்துத்தம் கலந்த பசையில் பெட்டி ஒட்டினார்கள், கட்டை அடுக்கினார்கள். குரோசுக்கு இவ்வளவு என்று கூலி. பிள்ளைகளும் விடிவதற்குமுன் கம்பெனி வண்டியில் ஏறினார்கள். அந்தக் கொடுமையைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொல்லவேண்டி வந்தது. கூலி சொற்பம்தான். ஆனால் வானத்தைக் கேட்காமல் வாராவாரம் வந்த காசு அது. 1965இன் போனஸ் சட்டத்துக்குப் பிறகு ஆலைத் தொழிலாளியின் கைக்குத் தீபாவளிக்கு முன்னால் ஒரு தொகை வந்தது. ஐப்பசியில் காசைப் பார்த்த முதல் ஏழைகள் அவர்கள்தான்.

கடைகளும் அவர்களுக்காக மாறின. பட்டு வாங்க முடியாத வீடுகளுக்குச் சின்னாளப்பட்டு வந்தது. பிறகு நைலக்ஸ். பொன் இல்லாத கழுத்துக்குக் கவரிங். பட்டை ஏக்கத்தோடு பார்த்த ஆயிரம் கண்களுக்காக நெய்யப்பட்டதுதான் சின்னாளப்பட்டு. அதை நான் ஒருநாளும் போலி என்று சொல்லமாட்டேன்.

கண்ணாடி முகப்பு வைத்த கடைகள் வந்தது அதற்கும் பின்னால். பாரிஸ் நகரத்தில் 1852இல் அரிஸ்டீடு பூசிகோ என்பவர் பொன் மார்ஷே கடையை எடுத்து நடத்தியபோது மூன்று காரியம் செய்தார்: விலையைத் துணிமேலேயே எழுதி ஒட்டினார், யாரும் உள்ளே வந்து வாங்காமலே பார்த்துவிட்டுப் போகலாம் என்றார், பிடிக்காததைத் திருப்பி எடுத்துக்கொண்டார். ‘ஒரே விலை’ என்ற பலகையாக அந்த வழக்கம் நம் ஊர்களுக்கும் வந்தது. திருநெல்வேலியில் 1924இல் தொடங்கிய ஆரெம்கேவி போன்ற கடைகள் பல மாடிகளாக வளர்ந்தன. 1963இல் வந்த தங்கக் கட்டுப்பாடு ஊர் ஆசாரிகளின் பிழைப்பைக் கெடுத்தது. 1990இல் அந்தச் சட்டம் நீங்கியபோது முற்றத்துக் குமுட்டி திரும்பி வரவில்லை, குளிர்பதன நகைக்கடைகள் வந்தன. எங்கள் தெருப் பெண்கள் மாடி ஏறிப் போனார்கள். விலை ஒட்டியிருந்ததால் கேட்கவேண்டியதில்லை. பிரித்துப் பார்த்தால் யாரும் முறைப்பதில்லை. பெரிய வீட்டு அம்மாள் அரைநாள் உட்கார்ந்து தள்ளிவிட்டதைப்போல இவர்களும் தள்ளிவிடக் கற்றார்கள். விலைச்சீட்டு தந்த மரியாதை இது. சிறியது என்று நான் நினைக்கவில்லை.

நம்பிக்கையில் மட்டும் இன்னும் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் எங்கள் ஊர்களுக்கும் வந்தன. ஈடு ஏதும் இல்லாத பெண்களின் பேரை நம்பி வங்கிகள் கடன் கொடுத்தன. ஆனாலும் வாரவட்டிக்காரர்கள் போய்விடவில்லை. தீப்பெட்டியின் விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆக 2021 டிசம்பர் வரை பதினான்கு ஆண்டுகள் பிடித்தது. அதைச் செய்கிற கைகள் இன்றும் தவணையில்தான் வாங்குகின்றன.

அம்மாவின் பழைய சிட்டைகள் சில என்னிடம் இருக்கின்றன. எல்லாவற்றிலும் கடைசி வாரம் வரைக்கும் கோடு விழுந்திருக்கிறது. நம்பத் தகாதவர்கள் என்று கூடுதல் விலை வைக்கப்பட்டவர்கள் ஒரு பைசா விடாமல் கட்டினார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய ஆவணம் எனக்குத் தெரியாது. பெரிய வீடுகளின் வாங்கலுக்குப் பேரேடும் கல்யாணப் படமும் சாட்சியாக இருக்கும். நம் அம்மாக்களின் வாங்கலுக்கு இந்தத் துண்டுக் காகிதங்கள்தான் சாட்சி. உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் தவணைச் சிட்டையோ, ஜவுளிச் சீட்டு அட்டையோ, தீப்பெட்டிக் கூலிப் புத்தகமோ கிடந்தால் தயவுசெய்து எரித்துவிடாதீர்கள். தேதியும் தொகையும் அழியுமுன் ஒரு படம் எடுத்து, யாருடையது, எதற்காக வாங்கியது என்று பின்னால் எழுதிவையுங்கள். கரிசல் காட்டு வரலாற்றை எழுத வருகிறவர்களுக்கு அது வேண்டும்.