தம்புள்ளை தந்த பாடம்



மருந்துகளுக்கும் வரலாறு உண்டு. அவை தோன்றுவதும், புகழ் பெறுவதும், பின்னர் வலிமை குன்றுவதும் அரசுகளின் எழுச்சி வீழ்ச்சியைப் போலவே ஆராயத்தக்கவை. மாத்தளை மாவட்டத்தில் நிகழ்ந்த அத்தகைய வரலாறு ஒன்றையும், அது இன்று நம் முதியோர் இல்லங்களுக்கு உணர்த்தும் பாடத்தையும் இப்பேச்சில் நோக்குவோம்.

மாத்தளையின் தென்பகுதி குளிர்ந்த மலைநாடு. வடக்கே நாலந்தாவைக் கடந்து தம்புள்ளையை அடைந்தால், குளங்களும் வயல்களும் சூழ்ந்த உலர்வலயம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களை நாடித் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர், மன்னார்ப் பக்கத்துக் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து, தம்புள்ளை, நாலந்தா மார்க்கமாகவே மாத்தளையை அடைந்தனர். காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் வழியிலேயே இரையானோர் பலர்.

1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையை உலுக்கிய மலேரியாக் கொள்ளைநோய் ஏறக்குறைய 80,000 உயிர்களைப் பறித்தது. அதன்பின் 1940களின் பிற்பகுதியில் நுளம்பை ஒழிக்க டி.டி.டி. வந்தது, நோயைத் தீர்க்கக் குளோரோகுயின் என்னும் மாத்திரையும் வந்தது. 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் பதிவான நோயாளர் 17 பேர் மாத்திரமே! வெற்றி கிட்டியதென்று எண்ணிக் கண்காணிப்பு தளர்ந்தது. 1969ஆம் ஆண்டளவில் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிவிட்டது. நுளம்போ டி.டி.டி.யைத் தாங்கிக்கொள்ளப் பழகிவிட்டது.

குளோரோகுயின் மட்டும் என்றும் கைகொடுக்கும் என்றிருந்த நம்பிக்கையும் நிலைக்கவில்லை. அம்மருந்துக்கு அடங்காத பல்சிபாரம் மலேரியா, இந்நாட்டிலேயே தொற்றிய நோயாக, 1984ஆம் ஆண்டில் முதன்முதலாகத் தம்புள்ளையிலே கண்டறியப்பட்டது. ஆனால் அவ்வெதிர்ப்பு உலகில் முதலில் தலைகாட்டியது நம் ஊரிலன்று. 1950களின் பிற்பகுதியிலேயே தாய்லாந்து, கம்போடியா எல்லைப்புறத்திலும் தென் அமெரிக்காவிலும் அது தோன்றிவிட்டது. ஓரிடத்தில் மருந்து வலிமை இழந்தால், கடல் கடந்த இன்னோர் ஊரின் ஏழை உழவனும் அதற்கு விலை கொடுக்க நேர்கிறது. மருந்தின் ஆற்றல் தனியொருவர் உடைமையன்று. அது மாந்தர் அனைவருக்கும் பொதுச்சொத்து.

இது நிகழ்வது எங்ஙனம்? கோடிக்கணக்கான கிருமிகளுள் ஒருசில, இயல்பிலேயே மருந்தைத் தாங்கும் தன்மையுடன் பிறக்கின்றன. மருந்து ஏனையவற்றைக் கொல்லும்போது இவை தப்பிப் பெருகுகின்றன. தேவையின்றியும் அளவு குறைந்தும் மருந்து வழங்கும்தோறும் இவற்றிற்கே நாம் வழிவிடுகிறோம்.

மலேரியாவை உண்டாக்குவது பக்டீரியா அன்று. அது வேறோர் ஒட்டுண்ணி. ஆயினும் பக்டீரியாவை அழிக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் கதையும் இதுவே. 1928ஆம் ஆண்டில் பெனிசிலினைக் கண்ட அலெக்சாந்தர் பிளெமிங், 1945ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றபோதே, குறைந்த அளவில் அதனை உட்கொள்வோர் கிருமிகளை மருந்துக்குப் பழக்கிவிடுவர் என எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை பொய்க்கவில்லை. மருந்துக்கு அடங்காத பக்டீரியாத் தொற்றே நேரடிக் காரணமாக, 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர்.

முதியோர் இல்லத்திலே இவ்வாபத்து மிகுதி. அங்கு உடல் தளர்ந்தோர் அருகருகே வாழ்கின்றனர். பணியாளரின் கைகள் ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்குச் செல்கின்றன. ஒருவருக்குத் தேவையின்றிக் கொடுத்த மருந்தினால் வலுப்பெற்ற கிருமி, அடுத்த கட்டிலில் உள்ளவரைப் பற்றக்கூடும். அவருக்கு உண்மையாகவே நோய் வரும்போது மருந்து பயனற்றுப் போகும்.

தேவையற்ற மருந்து பெரும்பாலும் நல்லெண்ணத்தாலேயே நுழைகிறது. பாட்டியின் சிறுநீர் கலங்கியிருக்கிறது, நாற்றம் வீசுகிறது என்றவுடன் மாத்திரை தேடுகிறோம். முதியோர் பலரின் சிறுநீரில் நோய் எதுவுமின்றியே பக்டீரியா காணப்படுவதுண்டு. எரிச்சலோ, காய்ச்சலோ, வயிற்று நோவோ இன்றேல் பொதுவாக அதற்கு மருந்து வேண்டுவதில்லை. முதியவர் சற்றுத் தடுமாறிப் பேசினால், அவர் போதிய தண்ணீர் அருந்தினாரா என்பதையும் நோக்கவேண்டும். தடிமனும் சாதாரண இருமலும் பெரும்பாலும் வைரசினால் வருவன. அவற்றை நுண்ணுயிர்க்கொல்லி தீண்டுவதுமில்லை. மாறாக, வீண் மருந்து வயிற்றோட்டத்தையும் ஒவ்வாமையையும் தந்து தளர்ந்த உடலை மேலும் தளர்த்தும்.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? மீந்த மாத்திரையை எடுத்து வைத்து இன்னொருவருக்குக் கொடுத்தல் ஆகாது. மருந்துச் சீட்டின்றிக் கடையில் வாங்குதலும் ஆகாது. வைத்தியர் மருந்து தொடங்குமுன், இயன்றவிடத்துச் சிறுநீரையோ சளியையோ பரிசோதனைக்கு அனுப்பி, முடிவு வந்தபின் மருந்தை மீள ஆராய்தல் வேண்டும். தந்த மருந்தை அவர் குறித்த அளவில், குறித்த நாள்வரை கொடுத்தல் வேண்டும். கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் நாள்தோறும் நிகழவேண்டிய கடமை. அதேவேளை, கடுங்குளிர் நடுக்கமோ, மூச்சுத் திணறலோ, மயக்கமோ கண்டால் ஒரு கணமும் தாழ்த்தாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மருந்தைத் தேவையின்றிக் கொடுப்பதைப் போலவே தேவையானபோது மறுப்பதும் தவறேயாம்.

திருவள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளைக் கூறினார்: நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து கொடுப்பவன். முதியோர் இல்லத்திலே இந்நான்காமவரே நாள் முழுதும் முதியவரைக் காண்கிறார். வெப்பநிலை எவ்வளவு, மூச்சு எப்படி, நோவு எங்கே என அவர் குறித்துவைத்துச் சொல்லும் சொல்லைக் கொண்டே வைத்தியர் முடிவு செய்கிறார். எனவே இம்மருந்துகளின் காவலர் அப்பணியாளரும் ஆவார். அவருக்கு வேண்டிய பயிற்சியை அளிப்பது இல்லங்களை நடத்துவோர் பொறுப்பு.

இறுதியாக ஒன்று. இரத்தப் பரிசோதனையால் நோயை உறுதிசெய்து, உரிய மருந்தை முறையாக வழங்கி, நுளம்பையும் கட்டுப்படுத்திய இலங்கை, 2016ஆம் ஆண்டில் மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது. கிருமி அடங்க மறுத்த தம்புள்ளையிலும், சோதித்து அறிந்து அளவோடு மருந்தளித்த ஒழுங்கு வென்றது. அவ்வொழுங்கை நம் முதியோர் இல்லங்களிலும் பேணுவோமாக.