உலாவிப் பரீட்சை
இணையப் பக்கம் ஒன்று பல்வேறு உலாவிகளிலும் கைப்பேசிகளிலும் ஒரே விதமாகத் தோன்றி, ஒரே விதமாக இயங்குகிறதா என்று ஆராயும் முறை. 2004ஆம் ஆண்டில் சிகாகோவில் ஜேசன் ஹக்கின்ஸ் இயற்றிய செலீனியம் என்னும் மென்பொருள், மனிதர் சொடுக்குவதையும் தட்டெழுதுவதையும் நிரலே செய்யும்படி அமைத்து இத்துறைக்கு அடிகோலிற்று; நிரல் உலாவியை இயக்குவதற்கான வெப்டிரைவர் என்ற நெறிமுறை 2018இல் உலகத் தரமாயிற்று. பம்பாய் ஐ.ஐ.டி.யில் பயின்ற ரித்தேஷ் அரோராவும் நகுல் அகர்வாலும் 2011இல் தோற்றுவித்த பிரௌசர்ஸ்டாக், ஆயிரக்கணக்கான உலாவிகளையும் கைப்பேசிகளையும் தொலைவிலிருந்தே கட்டணத்திற்கு அளித்தமையால், நவி மும்பையின் வாஷி ரயில் நிலையக் கட்டடத்திலேயே அமைந்த இன்ஃபோடெக் பார்க்கின் சிற்றறையொன்றில் பணிபுரிவோர்க்கும் அலமாரி நிறையக் கருவிகளை வாங்கி அடுக்கும் நிர்ப்பந்தம் இல்லாது போயிற்று.

தமிழ்ப் பக்கங்களுக்கோ பிரத்தியேகப் பரீட்சை அவசியம். ‘தமிழ்’ என்னும் மூன்றெழுத்துச் சொல்லின் நீளத்தை ஜாவாஸ்கிரிப்டின் லெங்த் என்ற பண்பு 5 என்றே உரைக்கும்; மகரத்தின்மேல் ஏறிய இகரக் குறியையும் ழகரப் புள்ளியையும் அது தனித்தனியே எண்ணுவதே காரணம். அச்சொல்லை 4 அலகில் நறுக்கும் நிரல், புள்ளியை உதிர்த்து ‘தமிழ’ என்று கூசாமல் காட்டும். எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் இன்ட்ல் செக்மென்ட்டர் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவியைக் கொண்டு எண்ணினால் விடை 3. ஆங்கில மாதிரிச் சொற்களை மாத்திரம் இட்டுப் பரீட்சிப்போர் கண்ணில் இப்பிழை படுவதேயில்லை.