சரத்தை முழு எண்ணாக மாற்றுதல்

சரத்தை முழு எண்ணாக மாற்றுதல் என்பது, எழுத்துகளாக வந்து சேரும் இலக்கங்களைக் கணினி கூட்டிக் கழிக்கக்கூடிய எண்ணாக ஆக்கும் நிரலாக்கச் செயல். முகவரிப் படிவத்தில் தட்டச்சாகும் '603306' மதுராந்தகம் என்னும் ஊரின் பின்கோடு; கணினிக்கு அது வெறும் ஆறு எழுத்துகள்.

ஆஸ்கி குறிமுறையில் '0' என்ற எழுத்தின் குறியெண் 48, '6' என்பதற்கு 54. குறியெண்ணிலிருந்து 48-ஐக் கழித்தால் இலக்கத்தின் மதிப்பு வரும். அதுவரை சேர்ந்ததைப் பத்தால் பெருக்கி, அடுத்த இலக்கத்தைக் கூட்டிக்கொண்டே போகவேண்டும்: 6, 60, 603, 6033, 60330, 603306.

உள்ளீடு இவ்வளவு சுத்தமாக வருவது அபூர்வம். மதுராந்தகம் ஏரி நிரம்பினால் அதன் நீர்மட்டம் 23.3 அடி. '23.3' என்ற சரத்தைக் கொடுத்தால் சி மொழியின் ஏடுஐ, ஜாவாஸ்கிரிப்டின் பார்ஸ்இன்ட் ஆகிய சார்புகள் புள்ளியிலேயே நின்று, 23 என்று சத்தமில்லாமல் விடை தரும். பைத்தானின் இன்ட் பிழை காட்டி மறுக்கும், மறுப்பதே நல்லது. '1,00,000' என்பதை முதலிரண்டும் 1 என்று படித்துவிடும். ஒரு லட்சம் ரூபாய்க் கணக்கில் இது என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை.

முன்னே நிற்கும் சுழியம் இன்னொரு வம்பு. மதுராந்தகத்துக்கும் சென்னைக்கும் பொதுவான தொலைபேசிக் குறியீடு 044. அடிமானத்தைத் தானே கண்டுகொள்ளும்படி விட்டால், சி மொழியின் எஸ்டிஆர்டால் சார்பு அதை எட்டடிமான எண்ணாகக் கொண்டு 36 ஆக்கும். பழைய உலாவிகளில் ஜாவாஸ்கிரிப்டும் அப்படித்தான் செய்தது. 2009-இல் வந்த அம்மொழித் தரத்தின் ஐந்தாம் பதிப்பு அதைத் திருத்தியது. 9-இல் தொடங்கும் பத்திலக்கக் கைப்பேசி எண்ணோ 32 பிட் முழு எண்ணின் உச்சமான 2,14,74,83,647-க்குள் அடங்கவே அடங்காது.

தமிழ் இலக்கங்களையும் மாற்றலாம். யூனிகோடில் ௦ முதல் ௯ வரை 3046-இல் தொடங்கி வரிசையாக இருப்பதால், 48-க்குப் பதில் 3046-ஐக் கழித்தால் போதும். பைத்தானும் ஜாவாவும் '௨௩' என்பதை 23 என்றே படிக்கும், ஜாவாஸ்கிரிப்டுக்குத் தெரியாது. தமிழ்ச் சுழியம் யூனிகோடில் இடம்பெற்றது 2005-இல்தான். மரபு முறை வேறு: அதில் இருபத்து மூன்று என்பது ௨௰௩, அதாவது இரண்டு பத்தும் மூன்றும். ௰, ௱, ௲ ஆகியவை இலக்கங்கள் அல்ல, பெருக்கும் குறிகள். ஆகவே '௨௰௩' என்று கொடுத்தால் பைத்தானின் இன்ட் பிழை காட்டும்; பெருக்கிக் கூட்டும் நிரலைத் தனியே எழுதவேண்டும்.

ஏரி மட்டத்தைக் கணக்கிட வேண்டும், அதை எண்ணாக்கலாம். பின்கோடையும் தொலைபேசி எண்ணையும் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. அவற்றைச் சரமாகவே விட்டுவிடுங்கள்.